பெரிய எழுத்தில் அடித்த பெயர்கள்

அவரை எல்லோரும் ஒழுங்கு என்றுதான் கூப்பிட்டார்கள். நேரில் ஒழுங்கு சார், முதுகுக்குப் பின்னால் வெறும் ஒழுங்கு. அந்த ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் இருந்த கணினி அறை அவருடைய ராஜ்யம். உள்ளே வயர்கள்கூட வரிசையில்தான் நிற்கும். வாசலில் செருப்பைக் கழற்றினால் இரண்டின் மூக்கும் வெளியே பார்த்தபடி ஒட்டி நிற்கும். வேறு யாராவது அவசரத்தில் கோணலாகக் கழற்றிவிட்டு வந்தால், அவர்களிடம் பேசிக்கொண்டே கால் கட்டைவிரலால் அதை நேராக்குவார். வீட்டில் அவர் மனைவி, “டப்பா மேல இருக்கிற எழுத்துகூட முன்பக்கம் பாக்கணும்னு நினைக்கிற மனுஷன்கிட்ட மாட்டிக்கிட்டேன்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

கெட்ட மனிதர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்தக் கதையில் ஒரு ஆள் சாகப்போகிறார். அதற்குக் காரணமான ஒற்றை வரியை எழுதியவர் இவர்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை மருந்து கொடுக்கும் இடத்திலிருந்து போன் வந்தது.

“சார், ஒரு பேரைத் தேடினா வரவே மாட்டேங்குது. ஆளு எதிர்லயே நிக்கிறாரு. பத்து வருஷமா இங்கதான் வர்றாராம். கம்ப்யூட்டர் அப்படி ஒருத்தர் இல்லவே இல்லைங்குது.”

“எப்படி அடிச்சீங்க?”

“பெரிய எழுத்துலதான் சார்.”

“சின்ன எழுத்துல அடிச்சுப் பாருங்க.”

“வந்துடுச்சு சார்!”

நோயாளிகளின் பெயர்களை அங்கே ஆங்கில எழுத்தில்தான் அடித்து வைத்திருந்தார்கள். நம் எழுத்தில் இந்தத் தொல்லை கிடையாது. ‘அ’ என்றால் ராஜாவின் பெயரிலும் ஒரே ‘அ’, ரவுடியின் பெயரிலும் ஒரே ‘அ’. ஆங்கிலத்தில்தான் ஒவ்வொரு எழுத்துக்கும் பெரியது, சின்னது என்று இரண்டு உருவம். மனிதன் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் என்று புரிந்துகொள்வான். கணினிக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. அதற்குப் பெரிய ஏ என்பது அறுபத்தைந்து, சின்ன ஏ என்பது தொண்ணூற்றேழு. நடுவில் முப்பத்திரண்டு. பெரிய எழுத்தில் தேடினால், சின்ன எழுத்தில் கிடப்பவர் அதன் கண்ணில் படவே மாட்டார்.

ஒழுங்கு பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தார். நாற்பதாயிரத்துக்கு மேல் பெயர்கள். எல்லாம் பெரிய எழுத்தில் கம்பீரமாக நிற்க, நூற்றுக்கு ஒன்று மட்டும் சின்ன எழுத்தில் பல் விழுந்த மாதிரி இருந்தது. பார்க்கப் பார்க்க அவருக்குக் கை பரபரத்தது. ஏதோ தோன்றித் தன் மனைவியின் பெயரைப் பெரிய எழுத்தில் தேடினார். அப்படி யாரும் இல்லை என்றது. சின்ன எழுத்தில் தேடினார். வந்துவிட்டது.

அவருக்குச் சுருக்கென்றது. அதே கதவு எண், அதே போன் எண், மேல் வரியில் அவருடைய பெயர் பெரிய எழுத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. கீழே அவளுடைய பெயர் யாரோ ஏனோதானோ என்று அடித்துப் போட்டதுபோல் ஒடுங்கிக் கிடக்கிறது. இரண்டு பிள்ளைகளையும் இதே ஆஸ்பத்திரியில் பெற்றவள். இங்கேயே வேலை செய்கிறவனின் பெண்டாட்டி. அவளுக்கே இந்தக் கதி என்றால்!

நேரே பதிவு மேசைக்குப் போனார். அங்கே பல வருடங்களாக உட்கார்ந்திருந்த பதிவு அக்கா, மகளுக்குப் பிரசவம் என்று ஒரு மாத லீவில் வெளியூர் போயிருந்தார். அவருடைய நாற்காலியில் ஒரு தற்காலிகப் பெண் இருந்தாள்.

“எனக்கு என்ன சார் தெரியும்? அக்கா எப்படி அடிச்சு வச்சாங்களோ அப்படியே விட்டிருக்கேன். நான் அடிக்கிறதெல்லாம் பெரிசுதான்.”

“அக்கா ஏன் சிலதை மட்டும் சின்னதா அடிச்சாங்க?”

“ஏதாவது பட்டன் மாறிப் பட்டிருக்கும் சார்.”

மேசைக்குப் பக்கத்துச் சுவரில் அக்காவின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அவருடைய போன் எண், அதற்குக் கீழே ‘எதுவானாலும் கூப்பிடவும்’. ஒழுங்கு அதைப் பார்த்தார். சீட்டின் ஒரு மூலை பெயர்ந்திருந்தது. அதை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். பச்சைப் பிள்ளை வீட்டில் இருப்பவரைக் கூப்பிட்டு ‘ஏன் இப்படி அலங்கோலமாக அடித்தீர்கள்’ என்று கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தார். அந்த ஒரு போனுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

பட்டன் எதுவும் மாறிப் படவில்லை. பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு அந்த ஆஸ்பத்திரிக்குக் கணினி வந்தபோது பெயர், வயது, கதவு எண், போன் எண் என்று நாலே நாலு கட்டம் வைத்திருந்தார்கள். ‘இவருக்கு இந்த மருந்து சேராது’ என்று எழுத இடமே இல்லை. புண்ணுக்கும் தொண்டைக்கும் நெஞ்சுச் சளிக்கும் அங்கே வழக்கமாகப் போடும் ஊசி ஒன்று உண்டு. நல்ல மருந்து. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. நூற்றில் ஒருவருக்குத் தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடும். அப்படி ஒரு டீச்சர் பிழைத்ததே மறுபிறவி என்று ஆனபிறகு, பதிவு அக்கா அன்றைய கணினிக்காரரிடம் போய் இன்னொரு கட்டம் கேட்டார். அதற்கு ஒரு படிவம், படிவத்துக்கு மூன்று கையெழுத்து என்றார் அவர். அக்கா மூன்று கையெழுத்தையும் வாங்கிக் கொடுத்தார். படிவம் எங்கேயோ காணாமல் போனது.

அக்காவும் முதல் மாடி ஊசி சிஸ்டரும் ஒரு டீ வேளையில் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

“சேராதவங்க பேரை நான் சின்ன எழுத்துல அடிச்சிடறேன் சிஸ்டர். சீட்டைப் பாத்ததும் உங்களுக்குத் தெரிஞ்சிடும்.”

“அது போதும். பெரிசா இருந்தா நேரா போட்டுடுவேன். சின்னதா இருந்தா டாக்டர்கிட்ட வேற மருந்து கேட்டுக்கறேன்.”

அவ்வளவுதான் ஏற்பாடு. பத்தொன்பது வருடம் ஒரு கீறல்கூட விழாமல் நடந்தது. தப்பு ஒன்றும் நடக்காததால் அதைப்பற்றி யாரும் யாரிடமும் பேசவில்லை. ஒன்பது வருடங்களுக்கு முன்பு வேலைக்கு வந்த ஒழுங்கிடமும் சொல்லவில்லை. நோயாளிகளிடம் மட்டும், “கம்ப்யூட்டர்ல குறிச்சாச்சு, நீங்க ஒண்ணும் ஞாபகம் வச்சுக்க வேண்டாம்” என்று தோளைத் தட்டி அனுப்பினார்கள். அவர்களும் சந்தோஷமாக மறந்துபோனார்கள். உயிர் போகிற விஷயத்தை இப்படி இரண்டு பேர் தலைக்குள் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ஆஸ்பத்திரி நடந்தது என்பதை நினைத்தால் இப்போதும் ஆத்திரம்தான் வருகிறது.

ஒழுங்கின் மனைவியும் அந்த நூற்றில் ஒருத்தி. ஏழு வருடங்களுக்கு முன்பு அவர் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தபோது, தொண்டைப் புண்ணுக்கு ஊசி போட்டுக்கொண்டு சுருண்டு விழுந்தாள். நாலு பேர் சேர்ந்து மீட்டார்கள். ஊரிலிருந்து திரும்பியவரிடம் “லேசா மயக்கம் வந்துச்சு” என்று மட்டும் சொன்னாள், மற்றவர்களையும் சொல்லவிடவில்லை. முழுசாகச் சொன்னால் மனிதர் ஆஸ்பத்திரியில் இருப்பவர்களை எல்லாம் வரிசையில் நிற்கவைத்து விசாரிப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

புதன்கிழமை ஒழுங்கு அந்த வரியை எழுதினார். எல்லாப் பெயர்களையும் பெரிய எழுத்தாக்கு என்று கணினிக்குச் சொல்லும் ஒற்றை வரி. மனிதர் அசட்டையான ஆள் இல்லை. முதலில் பட்டியலுக்கு ஒரு நகல் எடுத்து வைத்தார். பத்துப் பெயர்களில் ஓட்டிப் பார்த்தார். பத்தும் அழகாக நிமிர்ந்தன. பிறகு மொத்தத்துக்கும் ஓட்டினார். நாலு விநாடி ஆயிற்று. நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பதினாறு வரிகள் மாறிவிட்டன என்று திரையில் வந்தது.

அங்கங்கே பத்துப் பதினைந்து இடத்தில் சரிபார்த்தார். ஒரு குறையும் இல்லை. அந்தத் திருப்தியில், முன்னாடி இருந்தவர் போட்டுவைத்திருந்த குப்பையையும் சுத்தம் செய்துவிடலாம் என்று தோன்றியது. ‘புதுசு’, ‘புதுசு ரெண்டு’, ‘கடைசி’, ‘இதுதான் கடைசி’ என்று நாலு பழைய நகல்கள் கிடந்தன. அவற்றையும், தான் காலையில் எடுத்த நகலையும் சேர்த்து அழித்தார். புதிய பட்டியலுக்குப் புதிய நகல், ஒரே இடத்தில், தேதி போட்டு. மேசையைத் துடைத்துவிட்டு எழுந்தார்.

பெரியதைத் திரும்பச் சின்னதாக்க இன்னொரு வரி போதும். ஆனால் எது சின்னதாக இருந்தது என்று எந்த வரியாலும் கேட்க முடியாது. எல்லோரையும் ஒரே உயரத்துக்கு இழுத்து நிறுத்திவிட்டால் யார் குள்ளமாக இருந்தவர் என்பது யாருக்குத் தெரியும்?

அன்று மாலை வீட்டில் சொன்னார்.

“உன் பேரை இன்னைக்கு சரி பண்ணிட்டேன்.”

“என் பேருக்கு என்ன கேடு?”

“ஆஸ்பத்திரி லிஸ்ட்ல சின்னதா கிடந்துச்சு. இப்ப பெரிசாக்கிட்டேன்.”

“பெரிசா இருந்தா என்ன பண்ணுவாங்க? எனக்கு மட்டும் சோபா போட்டு உக்கார வைப்பாங்களா?” என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அவருடைய தலைக்கு மேலே ஏதோ உருண்டு விழுந்தது. கணினி அறைக்கு நேர் மேலேதான் ஊசி அறை. ஸ்டூல் விழுந்த சத்தம், பிறகு ஓடுகிற கால்கள். ஒரு சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு போயிற்று. உடனே போன் அடித்தது. ஒரு பெயரைச் சொல்லி அவருடைய பழைய விவரங்களை எல்லாம் அனுப்பச் சொன்னார்கள். ஒழுங்கு பெயரை அடித்தார். ஒரே தட்டில் வந்துவிட்டது. முன்பெல்லாம் இரண்டு மூன்று விதமாக அடித்துத் தேட வேண்டியிருக்கும். நல்ல வேலை செய்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தப் பெயருக்குரியவர் ஒரு வெல்டர். நாற்பது வயது. கையில் பட்ட தீப்பொறி புண்ணாகிச் சீழ் வைத்திருந்தது. தன் காலால் நடந்து வந்தார், சீட்டு வாங்கினார், பெஞ்சில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு அவருடைய முகத்தைத் துணியால் மூடிவிட்டார்கள்.

ஊசி சிஸ்டர் அழுதுகொண்டே சீட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பெரிய எழுத்து. பழைய நோயாளி. பத்தொன்பது வருடமாகப் பொய் சொல்லாத சீட்டு. அதனால் சீட்டைச் சந்தேகிக்காமல் மருந்தைச் சந்தேகித்தார். பெரிய டாக்டரும் மருந்தில்தான் குற்றம் என்று எழுதி, அந்தப் பெட்டி முழுவதையும் திருப்பி அனுப்பினார். மறுநாள் புதுப் பெட்டி பிரித்தார்கள். பழைய ஆபத்து கீழே, தேதி போட்டு, சுத்தமாகத் துடைத்த மேசையில் அப்படியே இருந்தது.

அடுத்த பத்து நாளும் சிஸ்டர் கைக்கு ஒரு சின்ன எழுத்துச் சீட்டுகூட வரவில்லை. சேராதவர்கள் யாரும் இந்த வாரம் வரவில்லைபோல, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

ஒழுங்கின் மனைவி கேட்டுக்குப் பக்கத்தில் கிடந்த தகரத் துண்டை மிதித்து மூன்று நாளாக நொண்டிக்கொண்டிருந்தாள். மஞ்சளும் களிம்பும் போட்டுப் பார்த்துவிட்டாள். பாதம் வீங்கித் திங்கட்கிழமை காலை செருப்பே நுழையவில்லை. அவர் அவளை ஆட்டோவில் ஏற்றித் தன்னோடு அழைத்து வந்தார். டாக்டர் பார்த்துவிட்டு ஊசி எழுதினார். தற்காலிகப் பெண் சீட்டை அச்சடித்துக் கொடுத்தாள். ஒழுங்கு அதை மனைவியின் முன்னால் நீட்டிக் காட்டினார்.

“பாரு, எப்படி இருக்கு உன் பேரு!”

“நல்லாத்தான் இருக்கு. ஏங்க, ஊசின்னா அன்னைக்கு மாதிரி மயக்கம் வருமோ?”

“என்னைக்கு?”

“அது பழைய கதை. எது சேராதுன்னு எல்லாம் குறிச்சு வச்சிருக்காங்க. உங்க கம்ப்யூட்டர்லதான்.”

“என் கம்ப்யூட்டர்ல இருந்தா சரியாத்தான் இருக்கும்,” என்றார் ஒழுங்கு.

முதல் மாடி பெஞ்சில் அவளை உட்காரவைத்தார். அவளுடைய டோக்கன் பதினாலு, உள்ளே அப்போது எட்டாவது ஆள். “முடிஞ்சதும் கீழ வா” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்கு இறங்கினார்.

அன்றைக்குத்தான் பதிவு அக்கா லீவு முடிந்து வந்திருந்தார். பஸ் தாமதமாகி ஒன்பதரைக்கு மேல்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். காலையில் போன சீட்டுகளின் கார்பன் நகல்களை, அன்றன்று மாலையே கிழித்துப் போட்டுவிடுகிறவற்றை, புரட்டினார். மூன்றாவது தாளில் கை நின்றது. அந்தப் பெயரைச் சின்ன எழுத்தில் அடித்தது அவர்தான். அடிக்கும்போது மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்த முகமும் நினைவில் இருந்தது. ஊசி அறையில் போன் கிடையாது. ஊசி குத்தும் நேரத்தில் மணி அடித்துக் கை நடுங்கக் கூடாது என்று எடுத்துவிட்டிருந்தார்கள். அக்கா கணினி அறைக்கு அடித்தார்.

“சார், உங்க வீட்டம்மா வந்திருக்காங்களா?”

“அக்காவா? வாங்க வாங்க. பாப்பா எப்படி இருக்கு? ஆமா, மேல ஊசிக்கு உக்காந்திருக்காங்க.”

“அவங்க பேரு பெரிய எழுத்துல வந்திருக்கே சார்.”

“பாத்துட்டீங்களா? நான்தான் மாத்தினேன். கோவிச்சுக்காதீங்க. அங்கங்க சின்னதும் பெரிசுமா கிடந்துச்சு, எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டேன்.”

மறுமுனையில் தாள்கள் வேகமாகப் புரண்டன.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“ஐயோ, சார். சின்னதா இருக்கிறவங்களுக்கு அந்த ஊசி போடக் கூடாது சார். மூச்சு நின்னுடும். அதுக்காகத்தான் அப்படி அடிச்சு வச்சேன். உங்க வீட்டம்மாவுக்கு ஒரு தடவை வந்து…”

அவர் மீதியைக் கேட்கவில்லை. போன் மேசை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. வெறுங்காலோடு ஓடினார். படியில் ஓடக் கூடாது என்று பலகை எழுதி மாட்டியவரே அவர்தான். பதினெட்டுப் படி, ஒரு திருப்பம், மறுபடி பதினெட்டுப் படி. பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது. கதவுக்கு மேல் சிவப்பு எண் பதினாலு என்று காட்டியது.

“போடாதீங்க! சிஸ்டர், போடாதீங்க!”

“சார், கதவைச் சாத்துங்க. என்ன இது?”

அவள் ஸ்டூலில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். மேல் கையில் ஸ்பிரிட்டின் ஈரம் மினுங்கியது. ஊசி முனை தோலைத் தொட்டுவிட்டதா இல்லையா என்று பின்னால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். மருந்து உள்ளே போகவில்லை. ஒழுங்கு சிஸ்டரின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, எல்லாரும் பாக்கறாங்க,” என்றாள் மனைவி.

அவர் மூச்சிரைக்கச் சொல்லி முடித்தார். சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். பிறகு, நோயாளிகள் உட்காரும் அந்த ஸ்டூலில் தானே போய் உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப அந்த வெல்டர்?” என்றார்.



ஒழுங்கு கீழே இறங்கி வந்து, யாரையும் கேட்காமல், பத்துப் பெயரில் ஓட்டிப் பார்க்காமல், வாழ்க்கையில் முதல் தடவையாக நகலும் எடுக்காமல் இன்னொரு வரியை அடித்தார். எல்லாப் பெயர்களையும் சின்ன எழுத்தாக்கு. அதே நாலு விநாடி. இனி எந்தச் சீட்டு மேலே போனாலும் சிஸ்டர் கை நின்றுவிடும். நாற்பத்தோராயிரம் பேரும் ஒடுங்கி நின்றார்கள். அவருடைய பெயரும்தான்.

அதற்குப் பிறகுதான் பெரிய டாக்டரிடம் போனார். பெரிய டாக்டர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“உங்க வீட்டம்மா நல்லா இருக்காங்கல்ல?”

“இருக்காங்க சார்.”

“சந்தோஷம். இனிமே டெஸ்ட் பண்ணாம யாருக்கும் அந்த ஊசி கிடையாது. அக்கா அப்பவே கேட்ட கட்டத்தையும் போட்டுக்குங்க, நான் கையெழுத்து போடறேன். ஆனா அந்த வெல்டர் விஷயம் முடிஞ்சுபோச்சு. மருந்துல குத்தம்னு எழுதியாச்சு. அவர் பேரு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது சார். எல்லா நகலையும் அழிச்சிட்டேன்.”

“தெரியாததைப் போய் எதுக்கு ஒருத்தர் வீட்டுல சொல்லணும்?”

வெல்டரின் பெயர் முன்பு எப்படி இருந்தது என்று ஒழுங்கு பதிவு அக்காவிடம் கேட்டார். அக்கா கண்ணை மூடி யோசித்தார். நானூறு பேருக்கு மேல், பத்தொன்பது வருடம். “சின்னதா அடிச்ச மாதிரியும் இருக்கு சார், இல்லாத மாதிரியும் இருக்கு,” என்றார். ஒழுங்குக்கு அதைக் கேட்டு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காக உடனே வெட்கமாகவும் இருந்தது.

பழைய சீட்டு வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து காட்டவும் என்று வாசலில் எழுதி மாட்டினார்கள். பீரோவிலும் தலையணைக்கு அடியிலும் இருந்த சீட்டுகள் வரத் தொடங்கின. வராதவர்களை ஒழுங்கு ஒவ்வொருவராக போனில் கூப்பிட்டார். யாருக்குச் சேரும் என்று தெரிந்ததோ அவர் பெயரை மட்டும் கையால் அடித்துப் பெரியதாக்கினார். ஒரு நாளைக்கு அறுபது பேர் ஆனால் அதிகம். பட்டியலில் வெல்டரின் வரி வரும்போது மட்டும் கண் அடுத்த வரிக்குத் தாவியது. ஒன்பது நாள் அப்படித் தாவியது.

பத்தாம் நாள், காலில் கட்டோடு மெத்தையில் உட்கார்ந்திருந்த மனைவி கேட்டாள்.

“அந்த வீட்டுலயும் பழைய சீட்டு இருக்கும்ல?”

“பெரிய டாக்டர் போக வேணாம்னு சொல்லிட்டாரு.”

“நான் உங்களைக் கேட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் போனார். ஷட்டர் இறக்கிய பட்டறைக்கு மேலே ஒரு மாடி வீடு. பட்டறை வாசலில் பாதி செய்த இரும்பு கேட் ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. படி ஏறியதும் ஆணியில் முகமூடிக் கண்ணாடி தொங்கியது. வாசலில் மூன்று ஜோடிச் செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தன. அதில் ஒரு ஜோடி பெரியது, பொறி பட்டு அங்கங்கே கருகியது. ஒழுங்கின் கால் தானாக நீண்டது. பாதியில் இழுத்துக்கொண்டார்.

வெல்டரின் மனைவி அவரை உள்ளே கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஏதாவது கையெழுத்துக்கு வந்திருப்பார் என்று நினைத்தாள்.

“பழைய சீட்டு ஏதாவது இருந்தா பாக்கணும்மா.”

அவள் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே ஐந்து சீட்டுகள். நாலு பழையவை, மடிப்பில் கிழிந்தவை. நாலிலும் பெயர் சின்ன எழுத்தில் இருந்தது. ஐந்தாவது புதியது. அதில் பெரிய எழுத்து.

இனி தெரியாது என்று சொல்ல வழியில்லை. அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே, ஒன்றையும் மறைக்காமல், தன் மனைவியைக் காப்பாற்ற ஓடியது வரை எல்லாவற்றையும் சொன்னார். அவள் கத்துவாள், சட்டையைப் பிடிப்பாள் என்று நினைத்தார். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப இந்தச் சின்ன எழுத்து அவரைக் காப்பாத்தறதுக்குத்தான் இருந்துச்சா?”

“ஆமாம்மா.”

“அதை எதுக்கு மாத்தினீங்க?”

தேடினால் கிடைக்கவில்லை, இரண்டு விதமாக இருந்தால் குழப்பம் என்று காரணங்கள் நாக்குவரை வந்தன. “பாக்க நல்லா இருக்கணும்னு,” என்றார்.

அவள் தலையாட்டினாள். ஐந்து சீட்டுகளையும் மடிமேல் பரப்பி ஒவ்வொன்றாக விரலால் தடவினாள்.

“அவருக்கும் அது ஒரு குறைதான். எல்லாருக்கும் பெரிசா அடிக்கிறாங்க, எனக்கு மட்டும் சின்னதா அடிக்கிறாங்க, கரிக் கையைப் பாத்துதான் அப்படிப் பண்றாங்கம்பாரு. வருஷக்கணக்கா சொல்லிட்டு இருந்தாரு. அன்னைக்கு பெஞ்சுல உக்காந்திருக்கும்போது சீட்டை என்கிட்ட காட்டினாரு. பாருடி, இந்தத் தடவை மரியாதையா அடிச்சிருக்காங்கன்னாரு. அவ்வளவு சந்தோஷம். கசங்கிடக் கூடாதுன்னு மடிக்காம கையிலயே பிடிச்சுக்கிட்டு உள்ள போனாரு.”

நாலு பழைய சீட்டுகளையும் அடுக்கி அவள் உறைக்குள் வைத்தாள். ஐந்தாவதை அவரிடம் நீட்டினாள்.

“இது எங்களுக்கு வேணாம். நீங்க எடுத்துட்டுப் போங்க.”

ஒழுங்கு அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.